பச்சை, கமா, வெள்ளைக் கோடு

"இது என்ன நிறம்?"

"பச்சை."

"நல்லாப் பாத்துச் சொல்லும்மா."

"பாத்துட்டேன். பச்சைதான்."

"கோடு ஏதாவது ஓடுதா?"

"இல்ல. வெறும் பச்சை."

"சரி. நீ சொன்னா சரியா இருக்கும்."

அந்த வயர் பச்சை இல்லை, பழுப்பு. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. பார்வையில் ஒரு குறையும் கிடையாது. குறை அவருக்குத்தான். சிவப்பு, பச்சை, பழுப்பு மூன்றும் அவருக்கு ஏறக்குறைய ஒன்றாகவே தெரியும். அதை ஒளிக்காமல் சொல்லி, "ஒரு மணி நேரம் உன் கண்ணை எனக்குக் குடு" என்று கேட்டுத்தான் என்னைக் காரின் முன்சீட்டில் உட்கார வைத்திருந்தார். அவர் டாஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்து, கால்களை வெளியே நீட்டிப் படுத்திருந்தார்.

அதற்கு முந்தைய வருடம்தான் அவர் என் அம்மாவைக் கல்யாணம் செய்துகொண்டு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். சித்தப்பா என்று கூப்பிடச் சொன்னார்கள், கூப்பிட்டேன். அவர் கொண்டுவந்தது இரண்டு பெட்டிகளும் இந்தப் பழைய காரும்தான். இறந்துபோன என் அப்பாவின் ஸ்கூட்டர் நின்ற தகரக் கொட்டகையில் அந்தக் கார் வந்து நின்றது எனக்குப் பொறுக்கவில்லை. கார் கெட்டுப்போனால் அதைத் தூக்கிக்கொண்டு அவரும் போய்விடுவார் என்று நினைத்தேன். கெட்டுப்போன காரில் எப்படிப் போவார் என்று யோசிக்கும் வயது இல்லை.

பச்சை வயருக்கு ஃபியூஸ் உண்டு. பழுப்பு பேட்டரியிலிருந்து நேராக வருவது, அதற்கு ஃபியூஸ் கிடையாது. நான் சொன்னதை நம்பி, பச்சை சேர வேண்டிய இடத்தில் பழுப்பைச் சேர்த்தார். அந்தப் பாதையில் எங்கோ தோல் உரிந்த ஒரு இடம் இருந்திருக்க வேண்டும். ஃபியூஸ் இருந்தால் அது போயிருக்கும், வயர் பிழைத்திருக்கும். சாவியைத் திருப்பிய அரை நிமிடத்தில் டாஷ்போர்டு முழுக்கப் புகை.

முதலில் என்னைத் தூக்கி வெளியே விட்டார். பிறகுதான் ஓடிப்போய் பேட்டரியைக் கழற்றினார். அம்மா வாளியோடு வந்து நின்றபோது, இருமலுக்கு நடுவே அவர் சொன்னது இதுதான்: "என் தப்பு. அவ சரியாத்தான் சொன்னா. நான்தான் மாத்திக் கோத்துட்டேன்."

நான் வாயைத் திறக்கவில்லை.

அன்றோடு கார் நின்றது. அதன்பின் வேலை பார்த்த அச்சகத்துக்குப் பஸ்ஸில் போனார், பஸ்ஸிலேயே ஓய்வும் பெற்றார். வீட்டில் ஒரு பல்பு மாற்றப் போனால்கூட அம்மா குறுக்கே வந்து நிற்பாள். "நீங்க தள்ளுங்க. இருக்கறது ஒரே வீடு." அவர் சிரித்துக்கொண்டே ஸ்டூலிலிருந்து இறங்கிவிடுவார்.

அம்மா போய்ப் பத்து மாதம் ஆகிறது. என் அப்பா கட்டிய அந்த வீடு அம்மாவுக்குப் பின் என் பெயருக்கு வந்தது. பத்திரம் கைக்கு வந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை, சித்தப்பா நாங்கள் வாடகைக்கு இருக்கும் ஃபிளாட்டுக்கு வந்தார். டீயைக் குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்தார்.

"தங்கச்சி கூப்பிட்டுக்கிட்டே இருக்கா. அவ வீட்டு மாடி ரூம் சும்மாதான் கிடக்கு. அங்க போயிடலாம்னு இருக்கேன்."

என் கணவர் கையிலிருந்த பேப்பரை மடித்து வைத்தார். "ஏன் மாமா? இங்க என்ன குறை?"

"குறை ஒண்ணும் இல்ல மாப்பிள்ளை. வீட்டுக்கு உரியவங்க வாடகை குடுத்துக்கிட்டு இருக்க, நான் அங்க காலை நீட்டிப் படுத்துக்கிட்டா நல்லாவா இருக்கு?" என்னைப் பார்த்தார். "ரெண்டு பெட்டியோட கார்ல வந்தேன். அதே மாதிரி போறதுதான் மரியாதை."

"கார் ஓடாதே, சித்தப்பா."

"அதுக்குத்தாம்மா வந்தேன். எஞ்சினை மெக்கானிக் சரி பண்ணிட்டான். வயரிங் மட்டும் மொத்தமா மாத்தணுமாம். இந்த மாடலுக்கு ரெடிமேட் செட் கிடைக்காதுன்னு கையை விரிச்சுட்டான். நாமளே கட்டிடலாம். நாலு ஞாயித்துக்கிழமை உன் கண்ணு வேணும்."

"லாரியில ஏத்தி அனுப்பிடலாமே மாமா" என்றார் கணவர்.

"லாரியில ஏத்தினா அது சாமான், மாப்பிள்ளை. ஓட்டிட்டுப் போனாத்தான் கார்."

போகாதீங்க என்று அப்போதே சொல்லியிருக்கலாம். ஒரு காலத்தில் அவரைத் துரத்தப் பார்த்தவள், இப்போது இருங்கள் என்று எந்த முகத்தோடு கேட்பது? "சரி சித்தப்பா, வரேன்" என்று மட்டும் சொன்னேன்.

முதல் ஞாயிறு முழுக்க ஒரு வயரைக்கூடக் கழற்றவில்லை, ஒவ்வொன்றிலும் அடையாளச் சீட்டு மட்டும் கட்டினோம். அச்சகத்தில் நாற்பது வருடம் புரூஃப் திருத்தியவர் அவர். அங்கே ஒருவர் கையெழுத்துப் பிரதியை உரக்கப் படிப்பார். கமா, புள்ளி, அடைப்புக்குறி எல்லாவற்றையும் வாயால் சொல்லுவார். மற்றவர் அச்சுத் தாளில் சரிபார்ப்பார். காருக்கும் அதே முறைதான் என்றார். நான் வயரைப் பார்த்துப் படிக்க வேண்டும், அவர் திருப்பிச் சொல்லிச் சீட்டில் எழுதுவார், எழுதியதை நான் மறுபடி படிக்க வேண்டும்.

"பச்சை, கமா, வெள்ளைக் கோடு, புள்ளி" என்றேன்.

"பச்சை, கமா, வெள்ளைக் கோடு, புள்ளி. எங்க போகுது?"

"வலது இண்டிகேட்டர்."

"வலது இண்டிகேட்டர். புள்ளியை விட்டுட்ட."

"காருக்கு எதுக்கு சித்தப்பா புள்ளி?"

"முடிஞ்சுதுன்னு எனக்குத் தெரிய வேண்டாமா? நீ பாட்டுக்கு அடுத்த வயருக்குத் தாவிடுவ."

டீ கொண்டுவந்த கணவர் கொட்டகை வாசலில் நின்று கொஞ்ச நேரம் கேட்டார். "நீங்க ரெண்டு பேரும் காரை ரிப்பேர் பண்றீங்களா, இல்ல அதுக்கு டிக்டேஷன் குடுக்கறீங்களா?"

"டீயை வச்சுட்டு நகருங்க மாப்பிள்ளை. நீங்க பேசினதையும் எழுதிடப் போறேன்."

வெளியே தெரிந்த வயர் நுனிகள் எல்லாம் ஒரே மண் நிறமாக இருந்தன. துணிச் சுற்றை இரண்டு அங்குலம் பிரித்தால்தான் உள்ளே அசல் நிறம், நேற்று வாங்கியதுபோல. பல தடவை டார்ச்சைக் கிட்டே பிடித்து, எச்சில் தொட்டுத் துடைத்துப் பார்த்துத்தான் சொன்னேன். அவர் ஒரு தடவையாவது "நிச்சயமாவா?" என்று கேட்பார் என எதிர்பார்த்தேன். கேட்கவில்லை. நான் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டார். அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

இரண்டாம் ஞாயிறு பழைய வயரிங்கை முழுசாக வெளியே எடுத்தோம். என்ஜின் பக்கத்துக்கும் உள்பக்கத்துக்கும் நடுவே இருக்கும் தகட்டில் ஒரு ரப்பர் வளையம். அதன் வழியே உருவும்போது, வயரிங்கின் வாலில் ஒரு சணல் கயிறு கட்டிவிட்டார். புதியதை அதே கயிற்றால் உள்ளே இழுத்துக்கொள்ளலாமாம். கூடத்தில் இரண்டு ஸ்டூல்மேல் ஒரு பழைய கதவைப் போட்டு, அதன்மேல் பழைய வயர்க் கட்டைப் படுக்க வைத்தோம். நடுவில் கட்டை விரல் தடிமனுக்கு ஒன்றாகப் போகிறது, அங்கங்கே இரண்டும் மூன்றுமாகப் பிரிகிறது. பிரியும் இடத்தில் எல்லாம் ஒரு ஆணி. புதிய வயர்களை அந்த ஆணிகளை ஒட்டி அதே நீளத்துக்கு வெட்டிப் போட வேண்டும்.

கதவின் நடுப்பக்கம் வந்தபோது இருவரும் நின்றோம். ஒரு முழம் நீளத்துக்கு வயர்கள் உருகி ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கட்டியாகக் கிடந்தன.

"இந்த இடத்துக்கு உன்னைக் கேக்க வேண்டியதில்ல" என்றார் சித்தப்பா. "என்ன நிறம்னு எனக்கே தெரியுது."

அவர் சிரித்தார். நான் ஆணியை எடுக்கிற சாக்கில் குனிந்துகொண்டேன்.

அன்று பஸ்ஸில் திரும்பும்போது கணவரிடம் சொன்னேன். புகை, வாளி, பழுப்பு எல்லாம். கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில் அவரிடமும் சொல்லாத விஷயம் அது ஒன்றுதான்.

அவர் என் பக்கம் திரும்பினார். "பன்னெண்டு வயசுப் பொண்ணு சொன்ன பொய்க்கு இவ்வளவு வட்டியா?"

"அவரைப் போக வேண்டாம்னு கேக்கணும்னு இருக்கு. இதைச் சொல்லாம கேட்டா அதுவும் பொய்தான். சொல்லிட்டுக் கேட்டா..."

"கேட்டா?"

"முகத்தைத் திருப்பிக்கிட்டா நான் என்ன பண்ணுவேன்?"

"அந்த மனுஷன் முகத்தைத் திருப்பி நீ எப்ப பாத்த? ஆனா ஒண்ணு. நீ கூப்பிடாம அவர் இருக்க மாட்டார். அழையா விருந்தாளியா ஒரு வேளை சாப்பாடுகூடச் சாப்பிடாத ஆளு அவர். கார் ஓடிடுச்சுன்னா மறுநாள் காலையில பெட்டி வெளிய இருக்கும், பாத்துக்க."

அந்த வாரம் முழுவதும் நான் அவரைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். கேட்டில் இருக்கும் என் அப்பாவின் பெயர்ப்பலகையை, வருடா வருடம் மழைக்காலம் முடிந்ததும் எடுத்து, எழுத்துகளின்மேல் புதுக் கறுப்பு பூசுவார். யாரும் சொல்லிச் செய்ததில்லை. தன் பெயரை அதில் சேர்க்க வேண்டும் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. எனக்கு மஞ்சள் காமாலை வந்து ஒரு மாதம் படுத்திருந்தபோது, அச்சகத்திலிருந்து வந்ததும் என் பாடப் புத்தகங்களைப் பக்கத்தில் உட்கார்ந்து உரக்கப் படிப்பார், கமா, புள்ளி உட்பட. எரிச்சலில் தலையணையை முகத்தில் போட்டுக்கொள்வேன். பரீட்சையில் வரலாற்றுப் பாடம் கமாவோடு நினைவுக்கு வந்தது. அம்மாவின் கடைசி நாட்களில், அவளுக்குத் தலை வாரிப் பின்னல் போட்டுவிட நான் போகும் நாளுக்காகக் காத்திருக்காமல், பக்கத்து வீட்டில் கேட்டுத் தானே பின்னக் கற்றுக்கொண்டார். கோணல் பின்னல். அம்மா கண்ணாடியில் பார்த்துவிட்டு, "இதுலயும் மாத்திக் கோத்துட்டீங்களா?" என்று கேட்டாள்.

இந்த மனிதருக்கு நான் செய்த ஒரே கைம்மாறு, ஒரு பொய்.

மூன்றாம் ஞாயிறு புதிய வயரிங் கட்டினோம். நான் நிறம் பார்த்து எடுத்துக் கொடுத்தேன், அவர் ஆணிகளை ஒட்டி இழுத்து, வெட்டி, நுனி சீவி, ஈயம் வைத்தார். கை நடுங்கவே இல்லை. மதியத்துக்குள் பாதிக்கு மேல் முடிந்தது. வேலை இப்படி ஓடினால் அடுத்த வாரம் கார் தயார்.

பழுப்பு நிறச் சுருளைக் கையில் எடுத்தேன். கனமான வயர். ஒரே ஒரு சொல் மாற்றிச் சொன்னால் போதும். தப்பைக் கண்டுபிடித்து எல்லாவற்றையும் பிரித்துக் கட்ட இன்னும் நாலு ஞாயிறு ஆகும். அன்று அவர் போக வேண்டும் என்று பொய் சொன்னேன். இன்று இருக்க வேண்டும் என்று சொல்லலாம்.

"என்னம்மா, படி" என்றார் அவர், கதவிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"பழுப்பு" என்றேன். "கோடு இல்ல. புள்ளி."

"பழுப்பு. கோடு இல்ல. புள்ளி."

கையை நீட்டி வாங்கிக்கொண்டார்.

நாலாம் ஞாயிறு, சணல் கயிற்றைப் பிடித்து அவர் உள்ளேயிருந்து இழுக்க, நான் என்ஜின் பக்கத்திலிருந்து தள்ளித் தள்ளிக் கொடுக்க, புதிய கட்டு ரப்பர் வளையத்துக்குள் நுழைந்தது. சீட்டு பார்த்து ஒவ்வொரு நுனியையும் மாட்டி முடிக்கும்போது மணி மூன்று. பேட்டரியை நேராக மாட்டவில்லை. பேட்டரிக்கும் காருக்கும் நடுவில் ஒரு ஹெட்லைட் பல்பைக் கோத்தார். எங்கேயாவது தப்பு இருந்தால் அந்தப் பல்பு பளிச்சென்று எரியும், வயர் தப்பித்துவிடும்.

"நீங்க தள்ளி நில்லுங்க" என்று எங்கள் இருவரையும் கொட்டகைக்கு வெளியே நிறுத்தினார். கணவர் நிஜமாகவே ஒரு வாளித் தண்ணீரோடு நின்றார்.

மாட்டினார். பல்பு எரியவில்லை.

"செத்த பல்பா மாமா?"

"நல்ல பல்பு. உங்க நாக்குதான் சரியில்ல."

பல்பைக் கழற்றிவிட்டு நேராக மாட்டினார். ஹாரன் அடித்தது, பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. முன்விளக்கு, பின்விளக்கு, வைப்பர். நான் முன்னால் நின்று, "எரியுது, புள்ளி" என்று சொல்லிக்கொண்டே வந்தேன்.

"இப்ப இடது இண்டிகேட்டர்" என்றார் ஸ்டியரிங்கிலிருந்து.

"எரியுது. ஆனா உங்க வலதுல எரியுது சித்தப்பா."

"இடதுதான் போட்டிருக்கேன்."

"உங்க வலதுதான் எரியுது."

கணவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "நீ எங்க நின்னு சீட்டு கட்டின?"

"இங்கதான். காருக்கு முன்னால."

"அவர் உள்ள உக்காந்து கட்டினார். உன் இடது கை அவருக்கு வலது பக்கம். நாலு வாரமா கமா புள்ளியெல்லாம் சரிபார்த்தீங்க, ரெண்டு பேரும் எதிரெதிரா நிக்கறீங்கன்னு பாக்கலயே."

நானும் சிரித்தேன். சித்தப்பா சிரிக்கவில்லை. இறங்கி வந்து, பானெட்டுக்குள் குனிந்து, அந்த இரண்டு வயர்களையும் கழற்றினார்.

"என் தப்பும்மா. கேட்டு எழுதியிருக்கணும். அன்னிக்கும் இப்படித்தான். நீ சரியாத்தான் சொன்ன, நான் மாத்திக் கோத்துட்டேன். என் கைக்கே அந்த ராசி."

வயர்களை இடம் மாற்றிக்கொண்டிருந்த அந்தக் கையைப் பார்த்தேன். இருபத்தாறு வருடமாக ஒரு பல்பு மாற்றக்கூடப் பயந்த கை.

"அன்னிக்கு நான் சரியாச் சொல்லல, சித்தப்பா."

"என்ன?"

"அது பச்சை இல்ல, பழுப்பு. எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் பச்சைன்னு சொன்னேன். கார் கெட்டா நீங்க போயிடுவீங்கன்னு நினைச்சேன்."

கணவர் சத்தம் போடாமல் வாளியைக் கீழே வைத்தார்.

சித்தப்பா நிமிர்ந்தார். கையிலிருந்த துணியால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார். திட்டட்டும் என்று நின்றேன். அவர் உதடு அசைந்தது. எதையோ மறுபடி படித்துச் சரிபார்ப்பவர் போல.

"அப்போ நான் மாத்திக் கோக்கல."

"இல்ல சித்தப்பா."

"நீ பச்சைன்ன. பச்சை போற இடத்துல கோத்தேன்."

"ஆமா."

"சரியாத்தான் கோத்திருக்கேன்."

"சரியாத்தான் கோத்தீங்க."

அவர் முகம் மலர்ந்ததை நான் எப்படிச் சொல்வேன். "அடிப் பாவி" என்றார். ஒரு கோபமும் இல்லாத குரலில். "நாப்பது வருஷம் அடுத்தவன் தப்பைத் திருத்தின ஆளு, நம்ம வீட்டுலயே இப்படி ஒரு தப்புப் பண்ணிட்டோமேன்னு எத்தனை நாள் மனசுக்குள்ள பிரிச்சுப் பிரிச்சுப் பாத்திருக்கேன் தெரியுமா? பிடிபடவே இல்ல. எங்கேயும் தப்பு இல்ல, ஆனா புகை வந்துச்சு. எப்படிப் பிடிபடும்?" துணியைத் தோளில் போட்டுக்கொண்டார். "உங்கம்மா இருந்தப்பவே சொல்லியிருக்கலாமேம்மா. ஒரு சண்டையாவது ஜெயிச்சிருப்பேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. "மன்னிச்சுடுங்க" என்றேன்.

"பன்னெண்டு வயசுப் பொண்ணை என்னத்தை மன்னிக்கறது? அதுக்கு அப்பா போயிட்டார், எவனோ ஒருத்தன் பெட்டியோட வந்து நிக்கறான். நானா இருந்தா டயரையும் சேத்துப் பஞ்சராக்கியிருப்பேன்." பானெட்டை மூடினார். "ஏறு. ஒரு சுத்து போய்ட்டு வரலாம். மாப்பிள்ளை, நீங்க வாளியோட பின்னாலயே ஓடி வாங்க."

"நான் வீட்டைப் பாத்துக்கறேன் மாமா" என்றார் கணவர். என்னைப் பார்த்து, கேள் என்று கண்ணைக் காட்டினார்.

கார் இரண்டு தடவை இருமி, மூன்றாவதில் பிடித்துக்கொண்டது. தெருவில் இறங்கியதும் பழைய சீட்டின் ஸ்பிரிங் என்னைத் தூக்கிப் போட்டது. சித்தப்பா இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்து நேராகப் பார்த்தபடி ஓட்டினார். தையல் கடை வாசலில் நின்றவர் கையசைத்தார். திருப்பத்தில் இடது இண்டிகேட்டரைப் போட்டார், சரியாக இடது பக்கமே மினுக்கியது.

"ரொம்ப நன்றிம்மா" என்றார். "நீ வரலைன்னா இது நடந்திருக்காது. நாளைக்கு விடிஞ்சதும் கிளம்பிட்டா மதியத்துக்குள்ள தங்கச்சி வீட்டுக்குப் போய்ச் சேந்துடுவேன். சாவியைப் பக்கத்து வீட்டுல குடுத்துட்டுப் போறேன்."

பெரிய சாலை சேரும் இடத்தில் சிக்னல். மேல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நிறம் தெரியாவிட்டாலும் மேலே எரிந்தால் நிற்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். நிறுத்தினார். என்ஜின் அடியில் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. புது வயரின் ரப்பர் வாசனை.

"சித்தப்பா."

"சொல்லும்மா."

விளக்கு கீழே மாறியது. பின்னால் ஒரு ஆட்டோ ஹாரன் அடித்தது. அவர் கியரைப் போடவில்லை.

"அவங்க அவசரம் அவங்களுக்கு" என்றார். "நீ சொல்லி முடி."

"உங்க தங்கச்சி வீட்டுக்கு நாலு நாள் போயிட்டு வாங்க, வேண்டாம்னு சொல்லல. ஆனா திரும்பி வந்துடுங்க. நாங்க ஃபிளாட்டைக் காலி பண்ணிட்டு வீட்டுக்கு வர்றோம், நீங்க இருந்தாத்தான் வருவோம். வீடு பத்திரத்துல யார் பேருல வேணா இருக்கட்டும். எனக்கு நீங்க வேணும் சித்தப்பா. போகாதீங்க, எங்களோடயே இருங்க."